பூட்டு உடைந்த வழக்கு: பிரிவுகள், தண்டனை, எதிர்வாதம்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்து நகையை எடுத்துப் போய்விட்டார்கள் என்றால், முதல் தகவல் அறிக்கையின் மேல்பகுதியில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். இரவில் நடந்தது என்றால் 331(4), 305(ஏ). பகலில் என்றால் 331(3), 305(ஏ). இவை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகள். நீதிமன்ற வராண்டாவில் இன்னமும் '457, 380' என்ற பேச்சைக் கேட்பீர்கள். அவை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் எண்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவமென்றால், பிடிபட்டது எப்போதாக இருந்தாலும், தண்டனைக்கு உரிய சட்டம் பழையதுதான். ஆகவே கையில் கிடைக்கும் நகலில் முதலில் பார்க்க வேண்டியது சம்பவ தேதி.

குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்துக்காகவே இந்த அத்தியாயம் முக்கியமாக எழுதப்படுகிறது. பொருளைப் பறிகொடுத்தவருக்குத் தேவையானது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

எது 'உடைத்து நுழைதல்'?

சட்டம் இதைப் படிப்படியாகக் கட்டுகிறது. பிறர் அனுபவத்தில் உள்ள இடத்துக்குள், குற்றம் செய்யவோ அங்கிருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ எண்ணி நுழைந்தால் அது அத்துமீறல். அந்த இடம் மனிதர் குடியிருக்கும் கட்டடமாகவோ, வழிபாட்டிடமாகவோ, பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டடமாகவோ இருந்தால் வீட்டு அத்துமீறல். கடையும் குடோனும் இதில் அடங்கும். தோப்பும் களத்துமேடும் அடங்கா. அந்த வீட்டு அத்துமீறல் சட்டம் சொல்லும் ஆறு வழிகளில் ஒன்றின் மூலம் நடந்தால்தான் 'உடைத்து நுழைதல்' ஆகிறது. சுவரில் துளையிட்டுத் தானே வழி உண்டாக்குவது, சுவரேறிக் குதிப்பது அல்லது மனிதர் நுழைவதற்கென்று இல்லாத திறப்பு வழியாக நுழைவது, வீட்டுக்காரர் நினைத்திராத முறையில் ஒரு வழியைத் திறப்பது, பூட்டைத் திறப்பது, ஆளைத் தாக்கி நுழைவது, அடைத்து வைத்த கதவை நீக்கிப் போவது ஆகியவைதான் அந்த ஆறு. உள்ளே குற்றம் செய்துவிட்டு இவ்வழிகளில் ஒன்றால் வெளியேறினாலும் சட்டம் அதையும் இதே கணக்கில் வைக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்று இதில் உண்டு. பூட்டு உடையத்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டுக்காரர் தொலைத்த சாவியை எடுத்து வந்து திறந்தாலும், கதவு இடுக்கில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினாலும் போதும். உடம்பில் ஒரு பாகம், ஒரு கை உள்ளே போனாலே 'நுழைந்தார்' என்றாகிவிடும். மறுபுறம், பட்டப்பகலில் திறந்து கிடந்த வாசல் வழியாக ஒருவர் நேரே உள்ளே போய் அலமாரி மேல் கிடந்த சங்கிலியை எடுத்துவந்தால் அது வீட்டில் நடந்த திருட்டு. திருடும் எண்ணத்தோடு நுழைந்த வீட்டு அத்துமீறலுக்கு 332-ஆம் பிரிவையும் சேர்க்கலாம். ஆனால் 331 அதில் பொருந்தாது. குற்றப்பத்திரிகையில் 331 இருந்தால், அந்த ஆறில் எந்த வழி என்று மகஜரும் பார்வையிட்ட இட வரைபடமும் காட்டுகின்றனவா என்பதுதான் வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. உடைந்த பூட்டைக் கைப்பற்றாமலேயே 'பூட்டை உடைத்து' என்று எழுதப்பட்ட வழக்குகள் வரத்தான் செய்கின்றன.

இரவா, பகலா?

சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை இரவு. பகலில் திருடும் நோக்கத்தோடு வீட்டை உடைத்து நுழைந்தால் 331(3)-இன்படி 10 ஆண்டு வரை சிறை. இரவில் அதையே செய்தால் 331(4)-இன்படி 14 ஆண்டு வரை. திருட்டுத் தவிர வேறொரு சிறைக்குரிய குற்றம் நோக்கமென்றால் பகலுக்கு 3, இரவுக்கு 5. வீட்டில் திருடியதற்கென்று 305-இன்படி தனியாக 7 ஆண்டு வரை உண்டு. காயப்படுத்தும் ஆயத்தத்தோடு போனால் பகலில் 10, இரவில் 14. நுழையும்போது யாருக்கேனும் கொடுங்காயம் விளைவித்தால் ஆயுள் வரை போகலாம். இரவில் பலர் சேர்ந்து போய் ஒருவர் மட்டும் கொடுங்காயமோ மரணமோ விளைவித்தாலும் கூடப்போன எல்லோருக்கும் அதே பொறுப்பு.

இங்கேதான் உருப்படியான எதிர்வாதம் ஒன்று கிடைக்கிறது. பூட்டிய வீட்டுத் திருட்டில் பெரும்பாலும் வீட்டுக்காரர் ஊரில் இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை காலை ஊருக்குப் போனார்கள், திங்கள் மாலை திரும்பினார்கள், கதவு திறந்து கிடந்தது என்பதுதான் புகார். இடையில் நான்கு பகல், மூன்று இரவு. திருட்டு இரவில்தான் நடந்தது என்று யார் சாட்சி சொல்வார்? அக்கம்பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை, கேமரா பதிவும் இல்லை என்றால் அரசுத் தரப்பால் 331(4)-ஐ நிலைநாட்ட முடியாது. 331(3)-தான் மிஞ்சும். விடுதலை கிடைக்காவிட்டாலும் உச்ச தண்டனை 14-லிருந்து 10-க்கு இறங்குகிறது. 'இரவு' என்ற சொல் புகாரில் வந்துவிட்டதாலேயே அதை ஒப்புக்கொண்டு விடாதீர்கள்.

பதினான்கு ஆண்டு என்ற பயம்

குடும்பத்தாரை இந்த 14 தூங்கவிடாது. ஆனால் இந்த வழக்கை விசாரிப்பது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். அவர் விதிக்கக்கூடிய உச்ச சிறைத்தண்டனை 3 ஆண்டு. அது போதாது என்று அவர் கருதினால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம். அவரது வரம்பு 7 ஆண்டு. எனவே சட்டப் புத்தகத்தில் உள்ள 14, சாதாரண வழக்கில் தீர்ப்பில் வருவதில்லை. அதற்காக அந்த எண்ணை அலட்சியம் செய்யவும் முடியாது. அதன் நிழல் மற்ற எல்லாவற்றின் மேலும் விழுகிறது. 7 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்பதால் தண்டனைப் பேரம் கிடையாது. 7 ஆண்டு வரையிலான குற்றங்களில் அவசியமின்றிக் கைது செய்யக்கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடும் இதற்கு நேரடியாக உதவாது. இருதரப்பும் பேசி முடித்துக்கொள்ளவும் வழியில்லை. நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வழக்கு போய்விடும் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் நம்ப வேண்டாம். 331, 305 இரண்டும் சமரசத்துக்கு உட்பட்டவை அல்ல.

உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, முன்தண்டனை. 3 ஆண்டோ அதற்கு மேலோ சிறைக்குரிய சொத்துக் குற்றத்தில் முன்பே தண்டிக்கப்பட்டவர் மீண்டும் அத்தகைய குற்றம் செய்தால் 13-ஆம் பிரிவு ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை விதிக்க இடம் தருகிறது. இந்த முன்தண்டனையை நடப்பு வழக்கில் குற்றவாளி என்று தீர்மானிக்கும் முன் நீதிமன்றம் கணக்கில் எடுக்கக்கூடாது. வழக்கறிஞர் இதில் விழிப்பாக இருக்க வேண்டும்.

மற்றது, குண்டர் சட்டம் என்று எல்லோரும் அழைக்கும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆம் சட்டம். சொத்துக் குற்றங்களை வழக்கமாகச் செய்பவர் என்று கருதி, மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஒருவரை 12 மாதம் வரை தடுத்து வைக்க ஆணையிடலாம். திருட்டு வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் இந்த ஆணை இருந்தால் வெளியே வர முடியாது. இதற்கு மருந்து ஜாமீன் மனு அல்ல. அரசுக்கு முறையீடு, அறிவுரைக் குழுமம், பிறகு சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு. கொடுக்கப்பட்ட ஆவண நகல்கள் படிக்க முடியாமல் இருப்பது, முறையீட்டைப் பரிசீலிக்க விளக்கமில்லாத தாமதம் ஏற்படுவது போன்ற காரணங்களால் இந்த ஆணைகள் ரத்தாவது உண்டு. ஆகவே முறையீட்டை உடனே அனுப்புங்கள். அனுப்பிய தேதிக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் சிலைகள் பற்றி ஒரு வரி. 1993-இல் தமிழ்நாடு அரசு பழைய தண்டனைச் சட்டத்தின் 380, 457 பிரிவுகளைத் திருத்தி, சிலைத் திருட்டுக்குக் குறைந்தபட்சத் தண்டனையைச் சேர்த்தது. இரவில் கோயிலை உடைத்துச் சிலை திருடும் குற்றத்துக்கு அது 3 ஆண்டு. பழைய சட்டத்தில் நடக்கும் வழக்குகளில் அந்தத் திருத்தத்தைத் தேடிப் படியுங்கள்.

கைதான பிறகு

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் அண்மை ஆண்டுகளில் அதை எழுத்திலேயே தரவேண்டும் என்று அழுத்திச் சொல்லி வருகிறது. உறவினர் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். நடைமுறையில் 'விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள்' என்ற நிலையிலேயே ஓரிரு நாள் ஓடிவிடுகிறது. அப்படியானால் அழைத்துச் சென்ற நேரத்தைக் குறிப்பிட்டு, அன்றே காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குத் தந்தியைப் போல் சுருக்கமாக ஒரு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்பிவிடுங்கள். பின்னால் 'இன்ன இடத்தில் சந்தேகத்துக்கிடமாக நின்றபோது பிடித்தோம்' என்று கைதுக் குறிப்பில் வேறு தேதி வரும்போது, அந்தத் தபால் ரசீதுதான் குறுக்கு விசாரணையில் பேசும். ரிமாண்ட் செய்யும்போது நடுவர் அடித்தார்களா என்று கேட்பார். அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஜாமீன் கிடைக்காது என்று ஒன்றுமில்லை, அது நீதிமன்றத்தின் விருப்புரிமைதான். முதல் வழக்கு, நிலையான முகவரி, பொருள் ஏற்கெனவே மீட்கப்பட்டுவிட்டது என்ற மூன்றும் இருந்தால் மனு வலுவாக நிற்கும். ஜாமீன் தள்ளுபடியானாலும் நாட்களை எண்ணுங்கள். குறித்த காலத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். அந்தக் காலம் 60 நாளா 90 நாளா என்பதில்தான் சச்சரவு. குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டாக இருந்தால்தான் 90 நாள் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. 331(4)-க்குக் குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. எனவே 60 நாள் என்று வாதிடலாம். புதிய சட்டத்தில் சொற்கள் சற்று மாறியிருப்பதைக் காட்டி அரசுத் தரப்பு 90 என்று எதிர்க்கும். எதிர்க்கட்டும், 60 முடிந்ததும் மனு போட்டுவிடுங்கள். ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

ஒரு வழக்கில் பிடிபட்டவரைப் பக்கத்து நிலையங்களின் கண்டுபிடிக்கப்படாத பழைய வழக்குகளிலும் சேர்ப்பது வழக்கம். சிறையிலிருந்து பி.டி. வாரண்ட்டில் அழைத்து வருவார்கள். ஒன்றில் ஜாமீன் வாங்கிவிட்டு வாசலில் காத்திருக்கும் குடும்பம் ஏமாறுவது இதனால்தான். ஜாமீன்தாரர்களைத் தேடுவதற்கு முன் எத்தனை வழக்குகளில் கைது காட்டப்பட்டிருக்கிறது என்று சிறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழக்கு எதன்மேல் நிற்கிறது?

திருட்டு நடந்தது என்பதில் பொதுவாகத் தகராறு இருப்பதில்லை. இவர்தான் திருடினார் என்பதுதான் நிரூபிக்கப்பட வேண்டியது. நேரில் பார்த்தவர் அரிது. ஆகவே பெரும்பாரம் விழுவது பொருள் மீட்பின்மேல். இங்கே நிதானமாக நிற்க வேண்டும்.

காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. அதில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் விலக்கு. அந்த வாக்குமூலத்தால் நேரடியாக ஒரு பொருளோ உண்மையோ வெளிப்பட்டால், வெளிப்படக் காரணமான சொற்கள் மட்டும் ஏற்கப்படும். பழைய சட்டத்தில் 27-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 23-இல் இருக்கிறது. 1946-இல் பிரிவி கவுன்சில் கொடுத்த புலுகுரி கோட்டையா தீர்ப்பு இன்றும் இதற்கு அளவுகோல். 'இன்ன வீட்டில் பூட்டை உடைத்துத் திருடிய நகையை அடகுக் கடையில் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்' என்பதில் அடகுக் கடையில் வைத்ததும் காட்டுவதும் மட்டுமே உள்ளே வரும். திருடியது வராது. ஐந்து வழக்குகளுக்கு ஒரே வாக்குமூலத்தை நகலெடுத்துக் கட்டியிருந்தால், ஒவ்வொரு வழக்கிலும் அந்த வழக்கின் பொருள் தனியாக வெளிப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது மகஜர் சாட்சிகள். கிராம நிர்வாக அலுவலரும் அவரது உதவியாளரும் கையெழுத்திடுவது நம் ஊர் வழக்கம். அரசு ஊழியர் என்பதாலேயே அவர் சாட்சி பொய்யாகிவிடாது. உள்ளூர்க்காரர்கள் கோர்ட் படியேறத் தயங்குவதும் உண்மை. ஆனால் அவர் எப்போது அழைக்கப்பட்டார், எந்த வண்டியில் போனார், அடகுக் கடையில் எந்தப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருந்தது என்று வரிசையாகக் கேட்டால் நேரில் போனவரும் நிலையத்திலேயே கையெழுத்திட்டவரும் வேறுபட்டுத் தெரிவார்கள். இப்போது சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு மனு போடுங்கள். இருந்தால் பார்க்கலாம், இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்கலாம். யாரும் வந்துபோகக்கூடிய முட்புதரிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்படும் மீட்புக்கு வலு குறைவு.

மீட்ட நகை புகார்தாரரின் நகைதானா என்பது மூன்றாவது. முதல் புகாரில் '10 பவுன்' என்றும், ஒரு வாரம் கழித்துக் கூடுதல் வாக்குமூலத்தில் '23 பவுன்' என்றும் இருந்தால், அந்த இடைவெளியைத் துருவ வேண்டும். உருக்கிய கட்டியை யாரும் தன் சங்கிலி என்று அடையாளம் சொல்ல முடியாது. சந்தையில் ஆயிரம் பேர் கழுத்தில் உள்ள மாதிரிச் செயினை அடையாளம் சொல்வதும் கடினம். ஆனால் 2023 ஏப்ரலிலிருந்து ஹால்மார்க் நகைகளில் கட்டாயமாகிவிட்ட ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் நகையில் இருந்து, அது கடை ரசீதோடு பொருந்தினால் இந்த வாதத்தை மறந்துவிடலாம்.

திருட்டு நடந்த சிறிது காலத்திலேயே பொருள் ஒருவர் கையில் இருந்து, அவர் விளக்கம் தரவில்லை என்றால், அவர் திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுமானிக்கலாம், அவ்வளவுதான். 'சிறிது காலம்' என்பது பொருளைப் பொறுத்தது. கைமாறும் பணத்துக்கும் செல்போனுக்கும் அது குறுகியது. இந்த அனுமானம் நுழைந்தவர் என்பதிலிருந்து வாங்கியவர் என்பதற்கு நழுவும்போது, குற்றம் 317-ஆம் பிரிவுக்கு வந்து உச்ச தண்டனை 3 ஆண்டாகச் சுருங்கிவிடுகிறது.

கைரேகை வலுவான சான்று. அதை எதிர்க்க ஒரே நேர்மையான வழி, அந்த வீட்டுக்குள் போக வேறு காரணம் இருந்தது என்று காட்டுவதுதான். வர்ணம் அடித்தவர், ஏ.சி. பழுது பார்த்தவர், உறவினர் ரேகை அங்கே இருப்பதில் வியப்பில்லை. பீரோவின் உள் லாக்கரில் இருந்தால் அந்த விளக்கம் எடுபடாது. கேமரா பதிவென்றால் சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் இருக்கிறதா, அதன் இரண்டு பகுதிகளும் நிரப்பப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

எண்ணம் இல்லை என்ற வாதம்

திருடவோ சிறைக்குரிய வேறு குற்றம் செய்யவோ எண்ணம் இல்லாமல் நுழைந்தால் 331(4) நிற்காது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இதற்குப் பொதுவான களம் குடும்பச் சொத்தும் வாடகைத் தகராறும். பாகம் பிரிக்காத வீட்டின் பூட்டை அண்ணன் உடைத்துத் தன் பொருளை எடுத்தால், தனக்கு உரிமை இருக்கிறது என்று அவர் நல்லெண்ணத்தோடு நம்பியதற்கு ஆதாரம் இருந்தால் அது திருட்டாகாது. ஆதாரமென்றால் வரி ரசீது, மின் இணைப்பு, உரிமையியல் வழக்கின் எண். வாய்வார்த்தை போதாது. வீட்டு உரிமையாளர் குடியிருப்பவரை வெளியேற்றப் பூட்டை உடைப்பது வேறு. அனுபவம் குடியிருப்பவருடையது, தொல்லை கொடுக்கும் எண்ணமே அத்துமீறலுக்குப் போதும்.

'குடிபோதையில் தெரியாமல் நுழைந்துவிட்டார்' என்பது கைகொடுப்பது அரிது. தானாகக் குடித்தவருக்குச் சட்டம் விலக்கு தருவதில்லை.

18 வயது நிரம்பாதவர் என்றால் வழக்கின் தடமே மாறும். சிறார் நீதிக் குழுமம்தான் விசாரிக்க வேண்டும். 331(4)-க்குக் குறைந்தபட்சத் தண்டனை இல்லாததால் 16 வயதைக் கடந்தவரையும் பெரியவராகக் கருதி விசாரிக்க முடியாது. பள்ளிச் சான்றை முதல் நாளே கொடுங்கள். 21 வயதுக்குட்பட்டவருக்கு 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தில், சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்கக் கேட்க வலுவான இடம் இருக்கிறது.

பறிகொடுத்தவருக்கு

வீட்டை உடைத்துத் திருடிய புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவது முறையல்ல. 3 முதல் 7 ஆண்டுக்குக் குறைவான குற்றங்களுக்குத்தான் 14 நாள் முன்விசாரணை என்ற ஏற்பாடு. இது அதில் வராது. பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அடுத்து நடுவரிடம் போகலாம். மின்னஞ்சலில் புகார் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். தொலைந்த பொருள்களை நினைவுக்கு வந்தபடி சொல்லாமல், ரசீதையும் திருமணப் படங்களையும் பார்த்து எடை உட்பட எழுதிக் கொடுங்கள்.

இரவில் உடைத்து நுழைபவரை எதிர்க்க, உயிரிழப்பு வரை போகும் தற்காப்பு உரிமையை 41-ஆம் பிரிவு தருகிறது. அந்த உரிமை அத்துமீறல் நீடிக்கும் வரைதான், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். ஓடிப்போகிறவரைத் துரத்திப் பிடித்துக் கம்பத்தில் கட்டி அடிப்பதற்கு அதில் இடமில்லை. அது தனி வழக்காகும்.

மீட்கப்பட்ட நகைக்காக வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய பொருள்களை நிலையத்தில் கிடக்கவிடாமல் விரைவில் உரியவரிடம் ஒப்படைக்கச் சொன்னது. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளின்கீழ் நடுவரிடம் மனு கொடுக்கலாம். படமெடுத்து, எடையிட்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு இடைக்கால ஒப்படைப்பு ஆணை தருவார்கள். அந்தப் பத்திரத்தில் நகையை விற்கக்கூடாது, உருமாற்றக்கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். வாய்தா மேல் வாய்தா போய்க்கொண்டிருக்கையில் மகள் கல்யாணத்துக்காக அதே நகையை ஆசாரியிடம் கொடுத்து வேறு மாதிரி செய்ய நினைத்தால், முதலில் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு ஒரு மனு போட்டுவிடுங்கள்.